ஓட்டத் தெரிந்தால் போதுமா?

கார் ஓட்டும் உரிமம் கையில் இருக்கிறது. சொந்தக் காரும் இருக்கிறது. வழியில் நிற்பவர்களை ஏற்றி, காசு வாங்கிப் பிழைப்பு நடத்தலாமா? சிங்கப்பூரில் கூடாது. அதற்கு இன்னோர் உரிமம் வேண்டும். 'ஓட்டத் தெரியும்' என்பதும் 'ஆள் ஏற்றலாம்' என்பதும் இரண்டு உரிமங்களான கதைக்கு டோபி காட்டிலிருந்தே தொடங்கலாம்.

இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி வெளுத்ததால் அந்த இடத்துக்கு அப்பெயர். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போன இந்நகரச் சாலைகளுக்கு 1880ல் ரிக்‌ஷா வந்தது. எட்டே ஆண்டில், 1888ல், ரிக்‌ஷாக்களைக் கண்காணிக்கத் தனித் துறையே அமைக்க வேண்டியதாயிற்று. மோட்டார் கார் 1896ல் வந்தது. மனிதனை மனிதன் இழுத்த ரிக்‌ஷா 1947ல் தடைசெய்யப்பட்டது.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான். 1950, 60களில் வேலை கிடைப்பது அரிது. பஸ்களோ நேரத்துக்கு வருவதில்லை. கார் ஓட்டத் தெரிந்தவர்கள் டாக்சி உரிமம் இல்லாமலே ஆள் ஏற்றத் தொடங்கினார்கள். 'கள்ள டாக்சி' என்றுதான் பெயர். ஆனால் ஓர் இருக்கைக்குச் சில காசு வாங்கிக்கொண்டு, பஸ் எட்டாத இடங்களுக்கெல்லாம் போனது அதுதான். நெருக்கியடித்து ஏற்றினார்கள், விபத்து நேர்ந்தால் பயணிக்குக் காப்புறுதி கிடையாது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1970ல் அரசாங்கம் அதை ஒழிக்க முடிவெடுத்தது. ஓட்டியவர்களின் குடும்பங்கள் என்ன ஆவது? அதே ஆண்டில் என்டியுசி தொடங்கிய கம்ஃபர்ட் கூட்டுறவு, அவர்களில் பலரை முறையான டாக்சி ஓட்டுநர்களாக்கியது. தவணை கட்டி வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ளவும் வழி செய்தது. தடை மட்டும் போட்டிருந்தால் கள்ள டாக்சி வேறு சந்தில் முளைத்திருக்கும்.

டாக்சி ஓட்ட இன்றும் மூன்றாம் வகுப்புக் கார் உரிமத்தோடு தனித் தொழில் உரிமம் வேண்டும். கைத்தொலைபேசிச் செயலிவழி வாடகைக் கார்கள் பெருகியபோது அதே பழைய கேள்வி திரும்பி வந்தது. 2017ல் அவற்றின் ஓட்டுநர்களுக்கும் தொழில் உரிமம் கட்டாயமானது.

மோட்டார் சைக்கிளுக்கோ படிப்படியான ஏணி. முதலில் 2பி, அதாவது 200 சிசி வரை. ஓராண்டு கழித்து 400 சிசி வரையிலான 2ஏ. மேலும் ஓராண்டு கழித்தே பெரிய வண்டி. இளைஞர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை, ஆனால் 18 வயதில் பெரிய வண்டியில் ஏறிப் பறக்க விடாமல் தடுப்பது இந்த ஏணிதான். கனரக லாரிக்கு நான்காம் வகுப்பு, பஸ்ஸுக்கு 4ஏ.

டோபி காட்டின் அடியில் 2003ல் வடகிழக்குப் பாதை திறந்தது. 2010ல் வட்டப் பாதையும் அங்கே வந்து சேர்ந்தது. இவ்விரு பாதைகளிலும் ஓடும் ரயில்களில் ஓட்டுநர் இருக்கையே கிடையாது.