கேள்விக்குறிகளாகிப் போன பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸாவின் சேர்க்கைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினோம். மாணவரின் பெயருக்குத் தமிழில் ஒரு கட்டம், அரபியில் ஒரு கட்டம். அடுத்து தந்தையின் பெயர், ஊர், ஓதி முடித்த ஜுஸ்உ. ஒரு கோடை விடுமுறை முழுவதும் அதற்கே சென்றது. பின்னர் அந்தத் தரவுத்தளத்தை ஒருவர் புதிய கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். திறந்து பார்த்தால், பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். தேதிகளும் தொலைபேசி எண்களும் மட்டும் பத்திரமாக இருந்தன. பழைய கணினியில் இருந்ததை அவர் அதற்குள் அழித்துவிட்டிருந்தார். காகிதப் பதிவேட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் பிழைத்தோம்.

ஒரே ஏட்டில் தமிழையும் அரபியையும் வைத்துக்கொள்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் தமிழகத்திலும் இலங்கையிலும் பல தலைமுறைகள் வழங்கி வந்தது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டனர். கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'மகானி' அந்த எழுத்தில் அமைந்ததே. ஓர் ஆயத்தை எழுதி அதன் கருத்தை அடுத்த வரியில் தமிழில் சொல்ல, எழுதுகோலை வலமிருந்து இடமாக ஓட்டும் கை திசை மாற வேண்டியதில்லை. இந்நூல்களில் பல கல்லச்சில் வந்தவை. கையால் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றுவதால், கூடுதல் எழுத்துகளுக்குத் தனி அச்செழுத்து வார்க்கும் சிக்கல் அதில் இல்லை.

கணினிக்கு அந்த வசதி கிடையாது. எழுத்து என்பது அதற்கு வெறும் எண். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி முறையில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். பின்னர் 256 இடங்களாக விரிந்தபோது, மேல் பாதியை ஒவ்வொரு மொழியினரும் தமக்கென எடுத்துக்கொண்டனர். அரபிக்கு ஒரு பட்டியல். தமிழுக்கோ ஒன்றல்ல, பல: டிஸ்கி ஒரு பக்கம், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் இன்னொரு பக்கம், அச்சகங்கள் சொந்தமாக வைத்திருந்த எழுத்துருக்கள் தனி. ஒரே எண் ஓர் எழுத்துருவில் தமிழெழுத்தாகவும் மற்றொன்றில் அரபு எழுத்தாகவும் தோன்றும். கட்டத்தில் இருப்பது எந்த மொழி என்பதைத் தரவுத்தளம் அறியாது. எழுத்துருவைத் தேர்ந்தவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாவிட்டால் கிறுக்கல்தான். அந்நாளில் மின்னஞ்சலில் வந்த நோன்புக்கால நேர அட்டவணையைத் திறந்து திகைத்தவர்கள் நம்மில் பலர் இருப்பர்.

1991இல் வெளிவந்த யூனிகோட் இந்த நெருக்கடிக்கு விடை சொன்னது: ஒவ்வோர் எழுத்துக்கும் வேறெந்த எழுத்தும் பங்கு கேட்க முடியாத தனி எண். தமிழுக்கு ஒரு பகுதி, அரபிக்கு ஒரு பகுதி. அந்த எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், மேசையில் விரித்திருந்த தாளில் வரைந்து வகுத்தனர். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தன் அலுவல்களுக்கு ஏற்றது.

ஆனால் எழுத்துக்கு எண் கிடைத்தால் போதாது. அதை ஏற்கும்படி தரவுத்தளத்துக்கும் சொல்லியிருக்க வேண்டும். இணையதளங்களில் மிகப் பரவலாகப் புழங்கும் மைஎஸ்க்யூஎல், சுவீடன் நிறுவனம் ஒன்றின் படைப்பு. யாரும் வேறு சொல்லாதவரை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 பட்டியலையே அது எடுத்துக்கொள்ளும்; வரிசைப்படுத்துவதும் சுவீடிய அகரவரிசையில்! 2018இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் அந்த வழக்கம் மாறியது. லத்தீன்-1 அட்டவணைக்குள் தமிழெழுத்து வரும்போது, அதற்கு இடமில்லாததால் கேள்விக்குறி ஒன்று எழுதப்படுகிறது. மூல எண் எங்கும் இராது. கிறுக்கலாகத் தெரிவதைப் பெரும்பாலும் மீட்கலாம். கேள்விக்குறியை மீட்க வழியில்லை. எங்கள் பதிவேட்டுக்கு நேர்ந்தது இதுதான்.

இரண்டாம் முறை ஏற்றும்போது கவனமாக இருந்தோம். அட்டவணை, அதனுடன் மென்பொருள் பேசும் இணைப்பு, திரையில் காட்டும் பக்கம் ஆகிய மூன்றும் யூடிஎஃப்-8 என்று உறுதிசெய்த பின்னரே தொடங்கினோம். அப்போதும் சில பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன. 'முஹம்மது' என்பதை அரபியில் எழுத மீம், ஹா, மீம், தால் என நான்கு எழுத்துகள், எட்டு பைட். தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி எண்களாதலால் அதே பெயர் எட்டு எண்கள். எண்ணுக்கு மூன்று பைட் வீதம் இருபத்து நான்கு. கட்டத்தின் நீளத்தைப் பைட்டில் அளந்து இருபது என்று வைத்திருந்தால் நபிகளாரின் திருப்பெயரே முழுதாக அடங்காது!

தேடும்போது வேறொரு தொல்லை. 'தொழுகை' என்ற சொல்லின் முதலெழுத்தில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே எண்ணாகவும் எழுதலாம், இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. தரவுத்தளத்துக்கோ அவை இரு வேறு சொற்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இதை நிறையக் கண்டோம். அரபியிலும் இப்படித்தான். உருது விசைப்பலகையில் பழகியவர் இடும் 'காஃப்', 'யா' ஆகியவற்றின் எண் வேறு, அரபு விசைப்பலகை இடும் எண் வேறு. எங்கள் ஆசிரியர்களில் இரு வகையினரும் உண்டு. ஆகவே ஒருவர் ஏற்றிய மாணவரை மற்றவர் தேடினால் அந்த மாணவர் மத்ரஸாவில் சேரவே இல்லை என்று கணினி சாதித்தது. எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பின்னரே சேமிக்கும்படி மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று. வருகைப் பட்டியலின் வரிசையும் தனியே ஒரு பாடு. எண் வரிசையை நம்பினால் 'ஜமால்' சகரத்துக்குப் பின்னும் 'ஹாரூன்' வகரத்துக்குப் பின்னும் போய் நிற்பார்கள்; றகரமும் னகரமும் நாம் பள்ளியில் படித்த இடத்தில் இரா. தமிழ் வரிசை விதியைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது பதிவேடு ஒழுங்காக இருக்கிறது. அதே அலமாரியின் மேல்தட்டில் உள்ள அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் சென்ற ஆண்டு கணினியில் ஏற்றினோம். ஆனால் படங்களாக மட்டும். ஒவ்வொன்றுக்கும் நூற்பெயரைத் தமிழில் தட்டச்சிட்டிருக்கிறோம், அந்தப் பெயரைத் தேடினால் படம் வரும். உள்ளே இருக்கும் சொற்களில் ஒன்றைத் தேடினால் எதுவும் வராது. அவற்றைப் படித்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சிடத் தெரிந்தவர் எங்களிடம் இப்போது ஒருவர்தான். அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது.