கார்த்திக்கும் கா 6உம்: யார் யாரிடம் கடன் வாங்கினார்கள்?

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ‘ரோகிணி’ என்றால் தும்பாதான் நினைவுக்கு வரும். ஸ்ரீவராகத்திலும் அப்படியே. 1967இல் தும்பாவிலிருந்து ஏவப்பட்ட ஆய்வு ஏவூர்தி வரிசைக்கு அப்பெயர். ஆனால் அதற்கு ஆறாண்டுகள் முன்பே, 1961இல், அதே பெயரில் எந்திரமற்ற வானூர்தி ஒன்று இந்திய வானில் பறந்துவிட்டது. தில்லியில் இயங்கிய குடிசார் விமானத்துறையின் தொழில்நுட்ப மையம் தன் கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்களைச் சூட்டியது: அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர். பஞ்சாங்கம் பார்த்துப் பெயர் வைத்த விமானத்துறை வேறெங்கும் உண்டா என்பது ஐயமே.

இவற்றுள் ஒருவர் மட்டும் அமர்ந்து பறக்கும் கார்த்திக், எஸ். இராமாமிர்தம் வடிவமைத்து 1963இல் பறந்தது. மரத்தால் ஆனது, இறக்கை விரிவு 15 மீட்டர். அதனை ‘ஜெர்மன் கிளைடரின் நகல்’ என்று ஒதுக்கும் போக்கு நம்மிடையே உண்டு. அக்கருத்தைச் சற்றே சோதிக்க வேண்டியுள்ளது.

ஒப்பிடத்தக்க ஜெர்மன் கிளைடர் கா 6. வடிவமைத்தவர் ருடோல்ஃப் கைசர்; ‘கா’ அவர் பெயரின் முதலெழுத்துகள். கட்டியது வாசர்குப்பே மலையடியில் உள்ள போப்பென்ஹவுசனின் ஷ்லைஹர் பட்டறை. முதற்பறப்பு 1955. இங்கே காலம் கவனிக்கத்தக்கது. வெர்சாய் உடன்படிக்கை எந்திர விமானங்களைக் கட்டுப்படுத்தியதால்தான் ஜெர்மனியில் கிளைடர் வளர்ந்தது என்று பாடநூல்கள் எழுதும். அது பாதி உண்மை. லிலியன்தால் 1890களிலேயே மலைச்சரிவுகளில் பறந்துகொண்டிருந்தார். 1945க்குப் பின் வந்த தடையோ கிளைடரையும் விடவில்லை. 1951இல்தான் அது தளர்ந்தது. நான்கே ஆண்டுகளில் கா 6 பிறந்தது.

அதன் உயிர் இறக்கையின் குறுக்குவெட்டில் இருந்தது. காற்று மேற்பரப்பை ஒட்டிச் சுழலின்றி நெடுந்தூரம் ஓடும் வகையில் அமைந்த சீரோட்டச் சிறகு வடிவம் அது. இழுவிசை குறைந்தது; ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சறுக்க முடிந்தது. ஆனால் மேற்பரப்பில் சிறு அலை இருந்தாலும் ஓட்டம் குலைந்துவிடும். ஈரம் குடித்து உப்பும் ஒட்டுப்பலகையில் அத்தகைய வழவழப்பைக் கொண்டுவருவது எளிதன்று. தச்சரின் கை தவறினால் வடிவமைப்பாளரின் கணக்கு வீண்.

அச்சிறகு வடிவம் யாருடையது? அமெரிக்காவின் நாகா ஆய்வு நிறுவனத்துடையது. கைசர் அதன் 63 வரிசையை எடுத்தாண்டார். இராமாமிர்தம் 64 வரிசையை. இருவரும் ஒரே அட்டவணை மரபிலிருந்து கடன் வாங்கியவர்கள். 15 மீட்டர் என்ற அளவும் ஜெர்மானியருடையதன்று. செலவைக் கட்டுப்படுத்த வகுக்கப்பட்ட பன்னாட்டு ‘ஸ்டாண்டர்டு’ வகுப்பின் வரம்பு அது. கா 6இன் இறக்கையே முதலில் அதைவிடக் குறுகியதாக இருந்து, பின்னர் அவ்விதிக்கேற்ப நீட்டப்பட்டது. ஒரே விதிக்கும் ஒரே தரவுக்கும் விடை தேடியவர்கள் ஒத்த வடிவை அடைந்தால் அதை நகல் என்பது வரலாற்று முறையியல் ஆகாது.

வேறுபாடு பிறகு நேர்ந்தவற்றில் இருக்கிறது. கா 6க்கு 1958இல் ஓஸ்டிவ் பரிசு கிடைத்தது; 1960, 1963 உலகப் போட்டிகளில் ஹைன்ஸ் ஹூத் அதில் பறந்து வென்றார். சறுக்குக்கட்டைக்குப் பதில் சக்கரம், 1965இல் தாழ்ந்த உடலும் முழுதும் அசையும் வால்தளமும் கொண்ட ‘இ’ வகை என அது திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. திருத்தம் கேட்க ஊர்தோறும் சங்கங்கள் அங்கிருந்தன. இங்கே கிளைடர் பெரிதும் தேசிய மாணவர் படையின் பயிற்சிக் கருவியாக அமைந்தது. ஆகவே இருவர் அமரும் ரோகிணி எண்ணிக்கையில் பெருகியது. தனியொருவர் பறக்கும் கார்த்திக் அவ்வாறு பெருகவில்லை.

இதற்கிடையே 1957லேயே ஷ்டுட்கார்ட்டில் கண்ணாடியிழையால் ஆன ‘ஃபீனிக்ஸ்’ பறந்திருந்தது. மர இறக்கையின் நாட்கள் எண்ணப்படத் தொடங்கியபோதுதான் கார்த்திக் தரையைவிட்டு எழுந்தது. தொழில்நுட்ப மையம் நட்சத்திர வரிசையைக் கைவிடவில்லை. 1970இல் மிருகசீர் பறந்தது. 1979இல் ஆர்த்ரா, நம் கணக்கில் திருவாதிரை.