மினி தானுந்தின் காயிலோவர் தொங்கமைப்பு

காயிலோவர் என்பது ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வடக்கியைச் சுற்றிச் சுருள்வில்லை அமைத்து, இரண்டையும் ஒரே உறுப்பாக்கிய தொங்கமைப்புக் கூறு ஆகும். அதிர்வடக்கியின் உடலில் மரை வெட்டப்பட்டிருக்கும். அதிலுள்ள வளையத்தைத் திருகி வண்டியின் உயரத்தை ஏற்றவோ இறக்கவோ முடியும். 1959 முதல் 2000 வரை உற்பத்தி செய்யப்பட்ட பிரித்தானியச் சிறு தானுந்தான மினியில் இது தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதன்று. உரிமையாளர்கள் பிற்காலத்தில் செய்துகொள்ளும் மாற்றமாகும்.

மூல அமைப்பு

மினியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிசு. அதன் தொங்கமைப்பை உருவாக்கியவர் அலெக்சு மோல்டன். 10 அங்குலச் சக்கரங்களைக் கொண்ட இச்சிறு வண்டியில் இடத்தைச் சேமிக்கும் பொருட்டு, வில்லுக்குப் பதிலாக ரப்பர்க் கூம்பு பயன்படுத்தப்பட்டது. சக்கரத்தைத் தாங்கும் கை நெம்புகோல் போல இயங்கி, ஒரு சிறு தண்டின் வழியாகக் கூம்பை அமுக்கும். அமுங்க அமுங்க ரப்பரின் விறைப்பு கூடுவதால், ஒருவர் மட்டும் ஏறினாலும் நால்வர் ஏறினாலும் வண்டி ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் தளர்ந்து வண்டி தாழ்ந்துவிடும். பலர் மாற்று அமைப்பைத் தேடத் தொடங்குவது இந்நிலையில்தான்.

எடை செல்லும் பாதை

மூல அமைப்பில் வண்டியின் எடையைத் தாங்குவது கூம்பும், அது அமர்ந்துள்ள துணைச்சட்டமும் ஆகும். அதிர்வடக்கி எடையைத் தாங்குவதில்லை. அசைவைத் தணிப்பதே அதன் வேலை. அதன் மேல்முனை முன்புறத்தில் உட்தகட்டுடன் இணைந்த ஒரு சிறு தாங்கியிலும், பின்புறத்தில் உடற்கூட்டின் தகட்டிலும் பொருத்தப்பட்டுள்ளது. காயிலோவர் பொருத்தியதும் முழு எடையும் இந்த இடங்களுக்கு மாறிவிடுகிறது.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஒரு முன்சக்கரம் தாங்கும் எடை 170 கிலோ எனவும், சக்கரம் 10 மி.மீ. உயரும்போது அதிர்வடக்கி 7 மி.மீ. அமுங்குகிறது எனவும் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி அதிர்வடக்கியின் மீது விழும் சுமை 170 ÷ 0.7, அதாவது ஏறத்தாழ 243 கிலோ. இது வண்டி அசையாமல் நிற்கும்போது மட்டுமே. பள்ளத்தில் இறங்கினால் பன்மடங்காகும். துருப்பிடித்த தகட்டில் இச்சுமையை ஏற்றினால் தகடு விரிசல் காணும், தாங்கி வளையும். எனவே வில்லைத் தேர்ந்தெடுக்கும் முன் தகட்டையும் தாங்கியையும் ஆராய்ந்து வலுவூட்டுவதே முதற்பணி. 1964இல் அறிமுகமான ஐடிரோலாசுட்டிக் எனும் நீர்ம அமைப்புடைய மினிகளில் வழக்கமான அதிர்வடக்கிகள் இல்லை. அவற்றில் தாங்கிகளையும் புதிதாக அமைக்க வேண்டும்.

தேர்வு

உயரத்தை மாற்றுவது மட்டுமே நோக்கமானால் காயிலோவர் தேவையில்லை. கூம்பை அமுக்கும் தண்டுக்குப் பதிலாக நீளத்தை மாற்றக்கூடிய தண்டுகள் கிடைக்கின்றன. தளர்ந்த ரப்பர்தான் குறை என்றால் புதிய கூம்பு போடலாம், அல்லது கூம்பு இருந்த இடத்திலேயே அமரும் குட்டையான சுருள்வில்லைப் பொருத்தலாம். இம்மூன்றிலும் எடை துணைச்சட்டத்திலேயே தங்கும். கடைசியாகக் கூறிய வில்லையும் காயிலோவரையும் பலர் ஒன்றெனக் கருதிக் குழப்பிக்கொள்வதுண்டு.

காயிலோவரே வேண்டுமெனில் வில்லின் விறைப்பைக் கணக்கிட வேண்டும். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு, வில்லின் விறைப்பை நகர்வு விகிதத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது. மேற்கண்ட 170 கிலோவும் வில்லின் மேல் உள்ள எடையே எனக் கொண்டு, நொடிக்கு 1.5 அலைவுகள் வேண்டுமெனில், சக்கரத்தில் மி.மீ.க்கு 15.1 நியூட்டன் விறைப்புத் தேவை. இதனை 0.49ஆல் வகுத்தால் வில்லுக்கு ஏறத்தாழ 31 நியூட்டன் என வரும். பந்தய வண்டிக்கென விற்கப்படும் மிக விறைப்பான வில்லைச் சாலை வண்டியில் போட்டால் சக்கரம் தரையைத் தொடர்ந்து பற்றாது; பிடிப்பு கூடுவதற்கு மாறாகக் குறையும். அதிர்வடக்கியும் அவ்வில்லுக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

பொருத்துதல்

வண்டியை உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்திய பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. அமுங்கிய முன்கூம்பைக் கழற்ற அதற்குரிய அமுக்குக் கருவி தேவை. சலூன் வகையில் பின்புற இடப்பக்க மேல்முனையை அடைய எரிபொருள் தொட்டியை நகர்த்த வேண்டியிருக்கும்.

பொருத்திய பின் சுக்கானை இருபுறமும் முழுதாகத் திருப்பி, வில் சக்கரத்திலோ தகட்டிலோ உரசுகிறதா எனப் பார்க்க வேண்டும். சக்கரம் முழுதும் தொங்கும்போது பிரேக் குழாய் இழுபடக் கூடாது. கூம்பு இல்லாததால், சக்கரம் அளவுக்கு மீறி மேலேறாமல் தடுக்கும் ரப்பர்த் தடுப்பு கட்டாயம் தேவை. உயரத்தை ஓட்டுநரின் எடையுடன் சரிசெய்வது நல்லது. ஒரு மூலையை உயர்த்தினால் அதற்கு மூலைவிட்டமாக உள்ள சக்கரத்தின் சுமையும் கூடும். இறுதியில் சக்கரச் சீரமைப்பைச் சரிபார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மரையாணிகளையும் தாங்கியைச் சுற்றியுள்ள தகட்டையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

சட்டநிலை

ஐக்கிய இராச்சியத்தில் 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்த பெரும்பாலான தானுந்துகளுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெரிய அளவில் மாற்றப்பட்ட வண்டிகளுக்கு அவ்விலக்கு இல்லை. தொங்கமைப்பின் வகையை மாற்றுவதும் பெரிய மாற்றமாகக் கருதப்படக்கூடும் என்பதால், இதனை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிப்பதும் தேவையாகும்.