ஒலியை வாங்கும் கருவி

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்தில் கேமராவோடு நிற்கும் இளைஞர்களிடம், சட்டையில் செருகியிருக்கும் சிறு கருவிக்கு என்ன பெயர் என்று கேட்டால் காலர் மைக் என்பார்கள், அல்லது வயர்லெஸ் மைக் என்பார்கள். அது வந்த பெட்டியில் லாவலியர் என்று அச்சாகியிருக்கலாம். மலேசியாவிலும் இலங்கையிலும் எழுத்துத் தமிழ் அதை ஒலிவாங்கி என்கிறது. இந்தப் பெயர்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணத்தால் பிறந்தவை. அவற்றுள் கருவியின் வேலையை உள்ளபடி சொல்வது ஒலிவாங்கிதான் என்பது என் துணிபு.

முதலில் மைக். மைக்ரோஃபோன் என்பதன் குறுக்கம் அது. கிரேக்கத்தில் மிக்ரோஸ் என்றால் சிறியது, ஃபோனே என்றால் குரல். நுண்ணோக்கி சிறு பொருளைப் பெரிதாகக் காட்டுவதுபோல் சிற்றொலியைப் பெரிதாகக் கேட்கச் செய்வது என்ற எண்ணத்தில் எழுந்த சொல் இது. 1827இல் சார்லஸ் வீட்ஸ்டன் இப்பெயரிட்ட கருவியில் மின்சாரமே கிடையாது. காதில் பொருத்திக் கேட்கும் கருவி அது. 1878இல் டேவிட் ஹியூஸ், தளர்வாகத் தொட்டுக்கொண்டிருக்கும் கரித்துண்டுகள் ஒலிக்கேற்ப மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைப்பதைக் காட்டி, அதற்கு இந்தப் பெயரை வைத்தார். அதன்பின் பெயர் மின்கருவிக்கே உரியதாயிற்று.

ஆனால் ‘பெரிதாக்குவது’ என்ற பழைய கருத்து ஒட்டிக்கொண்டே வந்தது. தமிழ்நாட்டு ஊர்களில் மைக் செட் என்றால் குழாய், பெருக்கி, கம்பிச் சுருள் எல்லாம் சேர்ந்ததுதான். மைக் அலறுகிறது என்கிறோம், அலறுவது குழாய். மைக்கின் வேலை ஒலியைப் பெரிதாக்குவதில்லை. அதிலிருந்து வருவது மிக மெல்லிய மின்குறிப்பு, அவ்வளவுதான்.

லாவலியரின் கதை கழுத்தணியில் தொடங்குகிறது. பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயியின் காதலி லூயிஸ் டி லா வாலியர் (1644–1710). அவர் பெயர் பின்னாளில் கழுத்திலிருந்து தொங்கும் பதக்கத்துக்கு ஆகிவந்தது என்பர். 1950களில் தொலைக்காட்சியில் பேசுபவர்கள் கயிற்றில் கோத்த மைக்கை மார்பில் தொங்கவிட்டார்கள். பதக்கம் தொங்கிய இடத்தில் தொங்கியதால் பதக்கத்தின் பெயரே அதற்கும் வந்தது. 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்டு செஸ்லரும் எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கிய பிறகு கருவி சிறுக்கத் தொடங்கியது. கயிறு போய்க் கவ்வி வந்தது. கவ்வி சட்டைக் கழுத்துக்கு ஏறியதும் நம் ஊரில் காலர் மைக் ஆயிற்று.

லாவலியர், காலர் இரண்டும் கருவி இருக்கும் இடத்தைத்தான் சொல்கின்றன. தண்ணீர்மலையில் அந்த இடமே இல்லாமல் போகிறது. அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளில் காவடியோடு ஏறுபவருக்கு வெற்று மார்பு. கவ்வுவதற்குக் காலர் ஏது? பால்குடம் ஏந்தும் பெண்ணின் சேலையில் செருகினால் சரிகை உரசும் ஒலிதான் பதிவாகும். நேர்த்திக்கடன் செலுத்துபவரின் உடலில் எதையும் மாட்டாமல் விடுவதே மரியாதையும்கூட. கேள்வி கேட்பவர் கருவியைக் கையில் பிடித்து, பதில் சொல்பவரின் வாயருகே ஒரு சாண் தூரத்தில் நீட்டினால் போதும்.

இனி ஒலிவாங்கி. மண்வெட்டி, பாக்குவெட்டி, சுமைதாங்கி, இடிதாங்கி என்று, செய்யும் தொழிலைச் சொல்லிக் கருவிக்குப் பெயர் வைப்பது தமிழின் பழைய வழக்கம். வினையோடு இகரம் சேர்ந்தால் அந்தத் தொழிலைச் செய்யும் பொருள் கிடைத்துவிடும். ஒலிவாங்கியும் அதன் இணையான ஒலிபெருக்கியும் இந்த அச்சில் வார்த்தவை. மைக் செட் என்று ஒன்றாய்க் குழம்பியிருந்ததை இவ்விரு சொற்களும் பிரித்துவிட்டன: ஒன்று வாங்கும், மற்றது பெருக்கும்.

வாங்கு என்ற வினைக்கு இன்னும் ஆழமுண்டு. இன்று அது பெறுவதையும் விலைக்குக் கொள்வதையும் குறிக்கிறது. பழந்தமிழில் வளைதல், இழுத்தல் என்ற பொருள்களும் இருந்தன. வளைந்த மூங்கிலைச் சங்க நூல்கள் வாங்கமை என்கின்றன; மூச்சு வாங்குகிறது என்னும்போது இழுத்தல் இன்றும் தெரிகிறது. ஒலிவாங்கிக்குள் இருப்பது மெல்லிய சவ்வு. குரலின் காற்றழுத்தம் பட்டு அது உள்ளும் புறமும் வளைகிறது. அந்த அசைவுதான் மின்குறிப்பாகிறது. பெறுதல், வளைதல் என்ற இரு பொருளிலும் அது வாங்கியே.

கம்பி அறுந்ததும் பெயருக்குப் புதிய சோதனை வந்தது. 1957இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வானொலி நிலையத்தோடு சேர்ந்து கம்பியில்லா முறையை உருவாக்கி மிக்ரோபோர்ட் என்றது. 2019இல் ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனம் வயர்லெஸ் கோ என்ற சிறு கருவியை வெளியிட்டது. சட்டையில் செருகும் பெட்டிக்குள்ளேயே ஒலிவாங்கியும் அலைபரப்பியும் இருந்தன. கேமராவின் தலையில் அமரும் இன்னொரு பெட்டியும் அலைகளை வாங்குகிறது. எனவே ‘வாங்கியைப் பார்’ என்றால் எதை என்ற கேள்வி எழுகிறது. ஒலியை வாங்குவது ஒலிவாங்கி, அதை அனுப்புவது அலைபரப்பி, கேமராவில் இருப்பது அலைவாங்கி என்று பகுத்துச் சொன்னால் கோளாறு எங்கே என்பதும் உடனே பிடிபடும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதியின் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் புறப்படும்போதே இந்தப் பகுப்பு வேண்டியிருக்கும். தண்ணீர்ப் பந்தல்களின் பாட்டும் உறுமி மேளமும் சூழ்ந்த இடத்தில் குரல் கரகரத்தால் குறை ஒலிவாங்கியில்: உள்வரும் அளவைக் குறைக்க வேண்டும், பஞ்சுறை மாட்ட வேண்டும். கேமராவின் ஒலியளவையும் தாழ்த்தி வைத்தால் அதன் சொந்த இரைச்சல் குறையும். குரல் விட்டுவிட்டு வந்தால் குறை அலையின் வழியில். இவ்வகைக் கருவிகள் பல இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் கூட்டத்தினரின் கைப்பேசிகளின் வைஃபையும் புளூடூத்தும் நெரிகின்றன. நீர் நிறைந்த மனித உடலும் அந்த அலையை உறிஞ்சிவிடும். அதனால் அலைபரப்பி கேமராவை நோக்கி உடலின் முன்பக்கம் இருக்க வேண்டும், நடுவே ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியிலேயே பதிவு செய்யும் வசதி இருந்தால், அலை அறுந்தாலும் ஒலிவாங்கி வாங்கியது தப்பும்.

கருவி இன்னும் சிறுக்கும், இடம் மாறும். காலரையும் கழுத்தையும் நம்பிய பெயர்கள் அப்போது பொருளிழக்கும். தொழிலைச் சொல்லும் பெயருக்கு அந்தக் கவலை இல்லை. ஒலிவாங்கியைப் பாடநூலோடு விட்டுவிடாமல் படப்பிடிப்புக் களத்துக்கும் கொண்டுவர வேண்டும். அங்கே பயன்படும் வலிமை அதற்கு உண்டு.