கணனியும் விரிவுரையாளரும்

புதுக் கருவியொன்று கல்விக்கூடத்துட் புகுங்கால், அதனைப் போற்றுவோரும் அஞ்சுவோரும் ஒருங்கே தோன்றுதல் இயல்பு. பல்கலைக் கழகத்துட் கணனி புகுந்த வரலாற்றை ஆராயுமிடத்து, கருவியின் ஆற்றலினும் அதனை ஆளும் ஆசிரியனின் உரிமையே முதன்மையானது என்பது புலனாகும். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக் கழகம் இதற்குத் தக்க சான்றாகும்.

1960ஆம் ஆண்டில் டொனால்ட் பிற்சர் என்னும் மின்பொறியியலறிஞர், அங்கிருந்த 'இலியாக்' கணனியைக் கொண்டு 'பிளேற்றோ' என்னுங் கற்பித்தல் முறையை அமைத்தார். தொடக்கத்தில் ஒரு வேளையில் ஒரு மாணவரே அதனிற் பயிலக்கூடியதாயிருந்தது. பாடங்களைக் கணனிக்கேற்ப அமைத்தலோ அத்துறை வல்லுநர்க்கே இயல்வதாயிற்று. எனவே, பாடப்பொருளை நன்கறிந்த விரிவுரையாளர் புறத்தே நிற்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்றியது 1967இல் போல் தென்சர் வகுத்த 'ரியூற்றர்' என்னும் எளிய கணனி மொழியாகும். அவர் பொறியியலாளரல்லர், உயிரியல் பயின்றவர். அம்மொழியைக் கற்ற விரிவுரையாளர் தம் பாடங்களைத் தாமே எழுதத் தொடங்கினர். இரசாயனப் பேராசிரியர் ஸ்ரான்லி சிமித், பகுதிபடக் காய்ச்சி வடித்தலை மாணவர் திரையிலேயே செய்து பார்க்குமாறு அமைத்தார். இலத்தீன் மொழியும் பௌதிகமும் அவ்வாறே கற்பிக்கப்பட்டன. பிற்சரும் அவர்தம் துணைவரும் 1964இல் கண்டுபிடித்த பிளாஸ்மா திரை, உருவத்தைத் தானே தாங்கி நிற்கும் இயல்பினது. ஆதலின் கணனியின் நினைவகச் செலவு குறைந்தது. 1972இல் வந்த நான்காம் அமைப்பில், மாணவர் திரையை விரலால் தொட்டு விடையளித்தனர்.

எனினும், இம்முயற்சி குறையின்றி முடிந்ததன்று. அதன் செலவு பெரிது. 1970களில் சமுதாயக் கல்லூரிகளில் நிகழ்ந்த மதிப்பீடொன்று, ஆசிரியரும் மாணவரும் இம்முறையை விரும்பினரெனக் கண்டது. ஆயினும் மாணவர்தம் அடைவில் எல்லாப் பாடங்களிலும் ஒருசீரான உயர்வைக் கண்டிலது. விருப்பம் வேறு, விளைவு வேறு என்பதை இஃது உணர்த்துகின்றது.

2020இற் பெருந்தொற்றுப் பரவியபோது, ஈழத்திலும் பிறநாடுகளிலும் விரிவுரையாளர் சில கிழமைகளுள் இணையவழிக் கற்பித்தலுக்கு மாறினர். கருவி அன்று அவர்களுக்கு வாய்த்தது. அதற்கேற்பப் பாடத்தைப் புதிதாய் வகுக்கும் அவகாசமோ பலருக்கு வாய்க்கவில்லை. விரிவுரையை அவ்வண்ணமே திரைக்கு மாற்றுதல் ஒன்று. திரைக்குரிய பாடத்தை ஆக்குதல் மற்றொன்று. இலினோய் விரிவுரையாளர் செய்தது பின்னதே. கருவியை வாங்கித் தரும் நிறுவனங்கள், அதனைக் கற்று ஆளுதற்குரிய காலத்தையும் ஆசிரியர்க்கு அளித்தல் வேண்டும். அன்றேல், ஏடு மாறுமேயன்றிக் கல்வி மாறாது.