கடுகு டப்பாவும் கணக்கு ஏடும்

ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை அறிய வேண்டுமானால் அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. கதை எழுதுகிறவர்களில் இதை நன்றாக அறிந்திருந்தவர் ஜப்பானின் இஹாரா சைக்காகு. 1692-ஆம் ஆண்டில் அவர் ஒரு கதைத் தொகுதி வெளியிட்டார். உலகத்தாரின் மனக்கணக்கு என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்லலாம். அதிலுள்ள இருபது கதைகளும் ஆண்டின் கடைசி நாளைச் சுற்றியே நடக்கின்றன. அந்தக் காலத்து ஜப்பானிய நகரங்களில் வீட்டுச் சாமான்களைப் பெரும்பாலும் கடனுக்குத்தான் வாங்குவார்கள். பண்டிகைதோறும் பாக்கியைத் தீர்ப்பது வழக்கம்; தீராததெல்லாம் ஆண்டுக் கடைசியில் வாசலில் வந்து நிற்கும். ஒரு கதையில் இரண்டு கணவன்மார் அன்றைக்கு மட்டும் வீடு மாறிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவனும் மற்றவன் வீட்டில் போய் உட்கார்ந்து, தானே பொல்லாத கடன்காரன்போலக் கூச்சல் போடுகிறான். நிஜமான கடன்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இவனுக்கே கிடைக்காத இடத்தில் நமக்கு என்ன கிடைக்கும் என்று நடையைக் கட்டிவிடுகிறார்கள்.

சிரித்துக்கொண்டே படிக்கலாம். அந்த வீடுகளின் அடுப்படியில் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டிருக்கக்கூடிய பெண்களை நினைத்தால்தான் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

ஜப்பானியப் பெண்களிடம் ஒரு தற்காப்பு உண்டு. 'ஹெசோகுரி' என்று அதற்குப் பெயர். சுற்றி வைத்த நூலுருண்டைக்கு 'ஹெசோ' என்பார்கள். நூல் சுற்றிச் சம்பாதித்த சில்லறையை மனைவி கணவன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்ததிலிருந்து இந்தச் சொல் பிறந்தது என்று சொல்கிறார்கள். நம் வீடுகளில் அரிசிப் பானைக்குள்ளும் கடுகு டப்பாவுக்குள்ளும் போகுமே, அதே பணம்தான். அந்தப் பணத்துக்கு ஒரு குறை உண்டு. அதற்குப் பெயர் கிடையாது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு என்று நினைத்துப் போட்டது மாமியாரின் மருந்துக்குப் போய்விடும். ஒளித்து வைத்த பணம் போனால் போனதுதான். வாய்விட்டு அழக்கூட முடியாது.

இந்தப் பணத்துக்குப் பெயர் சூட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவர முனைந்தவர் ஹானி மோட்டோகோ என்ற அம்மையார். 1873-இல் ஜப்பானின் வடகோடியை ஒட்டிய ஹாச்சினோஹே என்ற ஊரில் பிறந்தவர். முதல் மணம் முறிந்து, டோக்கியோவில் ஒரு செய்தித்தாளில் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்து, அங்கேயே நிருபராக உயர்ந்தார். ஜப்பானின் முதல் பெண் நிருபர் என்று அவரைச் சொல்வார்கள். மறுபடி மணந்துகொண்ட யோஷிகாஸுவும் பத்திரிகைக்காரர்தான். இருவருமாக 1903-இல் குடும்பங்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். மறு ஆண்டு, ரஷ்யாவோடு போர் மூண்ட 1904-இல், குடும்பக் கணக்கு ஏடு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார் மோட்டோகோ. ஜப்பானியர் அதைக் 'காகெய்போ' என்பார்கள்.

செலவானதை எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகம் எங்கும் உண்டு. அது நடந்து முடிந்த கதை. ஹானி அம்மையாரின் முறையோ, வரப்போகும் ஆண்டை முதலில் எழுதிவிடச் சொல்கிறது. வீட்டுக்கு வரும் மொத்த வருமானம் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அதிலிருந்து வரியையும் சேமிப்பையும் முதலிலேயே கழித்துவிட வேண்டும். மிச்சம்தான் குடும்பத்தின் வாழ்க்கை. அதைப் பல தலைப்புகளாகப் பங்கிட வேண்டும். சாப்பாடு ஒரே தலைப்பில் அடங்காது. அரிசி முதலான தானியம் தனி, காய்கறியும் மீனும் தனி, உப்பு புளி வகையறா தனி. விளக்கும் விறகும், வீடு, துணி, படிப்பு, வைத்தியம், உறவினர் நண்பர்களுக்குச் செய்யும் மரியாதை, பொழுதுபோக்கு என்று நீளும் அந்த வரிசையில் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பதும் ஒரு தலைப்பு. அது எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டுக்கு ஒரு முறை வந்து கழுத்தைப் பிடிக்கும் செலவுக்கும் மாதாமாதம் ஒரு பங்கு ஒதுங்கிவிடும். சைக்காகுவின் கடைசி நாளைப் பன்னிரண்டாக வெட்டிப் பங்கு போட்டுவிட்டார் என்றே சொல்லலாம்.

இதைக் கைக்கொண்டவர்கள் பெரும்பாலும் உத்தியோகஸ்தர், ஆசிரியர் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் மனைவிமார். சம்பளம் அளவானது, ஆனால் நிச்சயமானது. கணவன் தன் பொழுதுபோக்குக்குக் கூடுதலாகக் கேட்டால், எந்தத் தலைப்பில் குறைப்பது என்று அவள் ஏட்டை நீட்டிக் கேட்கலாம். கெஞ்சவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். ஹானி அம்மையாரிடம் பள்ளிக்கூட வாத்தியாரின் கண்டிப்பு கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உண்மையிலேயே 1921-இல் ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார். இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்காக அவரை மன்னித்துவிடலாம்.

பெட்டியைத் திறந்து வைத்தால் வீட்டுக்காரன் மட்டும்தான் பார்ப்பான் என்பது என்ன நிச்சயம்? சர்க்காரும் பார்த்தது. 1875 முதலே அங்கே தபாலாபீஸ் சேமிப்பு உண்டு. சீனாவோடு போர் தொடங்கியபின், 1938-இல், நாடு முழுவதும் சேமிப்பு இயக்கம் முடுக்கிவிடப்பட்டது. அக்கம்பக்கத்துச் சங்கங்களும் தொழிற்சாலைகளும் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்தன. சேமிப்பு தேசக் கடமையாயிற்று. சேர்ந்த பணம் பீரங்கியாயிற்று. ஹானி அம்மையாரின் பத்திரிகையும் இந்தச் சிக்கனப் பிரசாரத்தோடு ஒத்துப் போயிற்று. மகள் கல்யாணத்துக்கு என்று எழுதி வைத்த தலைப்பின் கீழிருந்து கப்பல்கள் புறப்பட்டுப் போயின.

போரில் தோற்றபின் விலைவாசி தறிகெட்டு ஏறியது. 1946 பிப்ரவரி 16-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. பாங்கியிலும் தபாலாபீஸிலும் இருந்த பணம் முடக்கப்பட்டது. குடும்பத் தலைவருக்கு மாதம் 300 யென், மற்றவர்களுக்குத் தலைக்கு 100 யென், அவ்வளவுதான் எடுக்கலாம். கைவசமிருந்த நோட்டுகள் மார்ச் தொடக்கத்தோடு செல்லாது. பாங்கியில் கட்டிவிட வேண்டும். புது நோட்டுப் போதிய அளவு அச்சாகாததால் பழைய நோட்டிலேயே ஒரு முத்திரைச் சீட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். ஆகவே ஹெசோகுரியும் தப்பவில்லை. நூலுருண்டைக்குள்ளிருந்தும் நெல்லுக்குள்ளிருந்தும் நோட்டுகள் வெளியே வந்து வரிசையில் நின்றன. அடைபட்ட பணம் பிற்பாடு விடுபட்டபோது, அதற்கென எண்ணிய பொருளில் ஒரு மூலையைக்கூட அது வாங்காது.

அந்த ஆண்டுகளை ஜப்பானியர் மூங்கில்குருத்து வாழ்வு என்றார்கள். குருத்தை மடல் மடலாக உரிப்பதுபோல, நகரத்துப் பெண்கள் தங்கள் கிமோனோக்களை ஒவ்வொன்றாகக் கிராமத்துக்கு எடுத்துச் சென்று அரிசிக்கு மாற்றினார்கள். கணக்கு எழுதும் பழக்கத்தைக் கைவிடாத ஒருத்தி அன்றிரவு ஏட்டைத் திறந்திருந்தால் என்ன எழுதியிருப்பாள்? துணி என்ற தலைப்பில் கழிப்பாளா, தானியம் என்ற தலைப்பில் கூட்டுவாளா? அல்லது தாயார் கொடுத்த கிமோனோ என்று ஓரத்தில் எழுதி, தொகைக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருப்பாளா? இந்த இடத்தில் கதைக்காரன் மனம் நின்றுவிடுகிறது.

ஐந்து யென்னுக்குக் குறைந்த நோட்டும் சில்லறைக் காசும் மட்டும் அந்த அறிவிப்பிலிருந்து தப்பின. ஹானி அம்மையார் 1957-இல் காலமானார். அவருடைய ஏடு இன்றும் ஆண்டுதோறும் புதிதாக அச்சாகிறது. அவருடைய வாசகியர் 1930-இல் அமைத்த தோழியர் சங்கமும் இருக்கிறது; இன்னமும் அங்கே கூடிக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஹெசோகுரியும் வழக்கொழிந்துவிடவில்லை.