ஐஸ் இல்லாத மாதங்களில்... சிம்லா ஸ்கேட்டிங் மைதானத்தின் கதை

கோம்பையில் தண்ணீர் ஐஸ் ஆவதைப் பார்க்க ஃப்ரிட்ஜைத்தான் திறக்க வேண்டும். மார்கழியில் விடிகாலையில் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். ஆனால் நெல் அறுத்த வயலில் கிரிக்கெட் ஆடுவது கம்பம் பள்ளத்தாக்குப் பையன்களுக்கு நன்றாகத் தெரியும். முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்து நடவு தொடங்கினால் ஸ்டம்பைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். அந்தப் பிட்சுக்கு வாடகை கிடையாது, பராமரிப்பும் கிடையாது. ஏனென்றால் அது பிட்சே இல்லை, வயல்!

சிம்லாவின் ஐஸ் ஸ்கேட்டிங் மைதானமும் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் பிறந்தது.

வருடம் 1920. சிம்லா அப்போது வெள்ளைக்காரர்களின் கோடைத் தலைநகரம். லக்கட் பஜாருக்குக் கீழே, வெயில் அதிகம் படாத வடக்குச் சரிவில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. பிளெஸிங்டன் என்ற அயர்லாந்துக்காரர் ஒரு குளிர்காலக் காலையில் தண்ணீர் உறைந்து கிடப்பதைப் பார்த்தாராம். உடனே கோர்ட்டில் தண்ணீர் விட்டு உறைய வைத்தார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. கோடை முடிந்ததும் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும் ஊர் அது. குளிர்காலத்தில் டென்னிஸ் ஆட யார் இருப்பார்கள்?

இங்கேதான் ஒரு விஷயம். ஐஸ் ஸ்கேட்டிங் மைதானத்தை ஆஃப் சீசனில் என்ன செய்வது என்று உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சிம்லாவில் கதை தலைகீழ். ஸ்கேட்டிங்தான் அந்த டென்னிஸ் கோர்ட்டின் ஆஃப் சீசன் வேலை :-)

ஐஸ் செய்யும் முறையும் எளிமை. சாயங்காலம் தரையில் மெல்லிசாகத் தண்ணீர் தெளிப்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் ராத்திரி தரையின் சூடு மேலே போய்விடும், தண்ணீர் உறையும். மேகம் மூடினால் போர்வை போர்த்திய மாதிரி சூடு தங்கிவிடும், மறுநாள் ஸ்கேட்டிங் கேன்சல். மெஷின் இல்லை, பெரிய கரண்ட் பில் இல்லை. ஒரு கிளப் நடத்துகிறது. சீசன் சந்தாவும் டிக்கெட்டும்தான் முக்கிய வரவு. கோடையில் அதே தரையில் டென்னிஸ், ரோலர் ஸ்கேட்டிங். (தெற்காசியாவின் ஒரே இயற்கை ஐஸ் மைதானம் என்று விளம்பரம் செய்வது கொஞ்சம் ஓவர். லே நகரத்துக் கர்சூ குளமும் குளிரில் தானாக உறைந்து, அதில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள்.)

மெஷின் வைத்தவர்கள் கதை வேறு. 1876-இல் லண்டன் செல்சியில் ஜான் காம்ஜி என்பவர் 'கிளேசியேரியம்' திறந்தார். செப்புக் குழாய்களில் குளிர்ந்த கிளிசரின் கரைசலை ஓட்டி, மேலே தண்ணீரை உறைய வைத்தார். உலகின் முதல் செயற்கை ஐஸ் மைதானம். பணக்காரர்கள் வந்தார்கள், ஆனாலும் செலவும் உள்ளே எழுந்த பனிமூட்டமும் சேர்ந்து சீக்கிரமே மூட வைத்துவிட்டன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் டேராடூனைப் பாருங்கள். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக ஓர் உள்ளரங்க ஐஸ் மைதானம் கட்டினார்கள். போட்டி முடிந்தது. அப்புறம்? கரண்ட் செலவும் பராமரிப்பும் கட்டுப்படியாகாமல் பத்து வருடத்துக்கு மேல் பூட்டு! 2025-இல்தான் சரிசெய்து மறுபடி திறந்து, ஆகஸ்டில் ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் போட்டி நடத்தினார்கள். கட்டுவதற்குப் பணம் ஒதுக்கியவர்கள் ஓட்டுவதற்கு ஒதுக்கவில்லை. கேபிடல் செலவுக்கும் ரெவின்யூ செலவுக்கும் வித்தியாசம் பி.காம். முதல் வருடத்திலேயே வந்துவிடுகிறது...

நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். பள்ளமான பிளாசாவில் கடைகள் ஓடவில்லை என்று 1936 கிறிஸ்துமஸில் தற்காலிகமாக ஐஸ் போட்டார்கள். அது நிலைத்துவிட்டது. கோடையில் அங்கேயே மேஜை நாற்காலி போட்டு ரெஸ்டாரன்ட். 2022-இல் ரோலர் ஸ்கேட்டிங்கும் வந்தது. அங்கேயும் பாருங்கள், ஐஸ் ஒரு காலி இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது.

சிம்லாவுக்கு இப்போது வேறு தலைவலி. குளிர் குறைந்துகொண்டே வருகிறது. சுற்றிலும் கட்டடம், வண்டி, புகை. ஸ்கேட்டிங் நடக்கும் நாட்கள் பழைய காலத்தைவிட வெகுவாகக் குறைந்துவிட்டன. சந்தா கட்டியவர் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அடுத்த வருடம் கட்டுவாரா? அதனால்தான் வருடம் முழுக்க ஓடும் செயற்கை ஐஸ் வேண்டும் என்ற பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. ஆனால் மெஷின் வந்தால் வருடம் முழுக்க கரண்ட் பில்லும் வரும். மூன்று மாத சந்தாவை வைத்து அதைக் கட்ட முடியாது. கோடையிலும் ஐஸ் போட்டு டூரிஸ்டுகளிடம் வசூலித்தால் ஒருவேளை கட்டலாம். அப்படிச் செய்தால் முதலில் அங்கே இருந்த டென்னிஸ் வெளியே போக வேண்டியிருக்கும்.